மடிப்புக்குக் கழிக்க வேண்டியது

பன்னிரண்டு தட்டுகளில் ஒன்பது சட்டத்துக்குள் போகவில்லை.

சட்டம் என்பது மேசையில் முடுக்கி வைத்திருந்த இரும்புச் செவ்வகம். அதன் உள்ளே எண்பத்தொரு மில்லிமீட்டர் இடைவெளி. தட்டு என்பது இரண்டு மில்லி கனமுள்ள தகட்டை வெட்டி, இரண்டு இடத்தில் மடித்து, ‘ப’ எழுத்தைப் போல ஆக்கியது. அடிப்பாகம் எண்பது மில்லி, இரு பக்கச் சுவர்களும் நாற்பது நாற்பது. எண்பதில் செய்தது எண்பத்தொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒவ்வொரு தட்டாக வாங்கி இடைவெளியில் வைத்து அழுத்தினார். போகாததின் அளவைச் சொல்லி, அதைச் செய்தவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு இடது பக்கம் அடுக்கினார்.

கணக்கு டீச்சர் பட்டறைக் கதவோரம் நின்றிருந்தாள். முதல் தட்டு முரண்டு பிடித்தபோது, பாவம், பதற்றத்தில் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தாள். நான்காவது தட்டும் அதே அளவுக்குப் பெருத்திருந்தபோது எண்ண ஆரம்பித்தாள். ஒருவர் தவறினால் அது அவர் கை. ஒன்பது பேர் ஒரே மாதிரி, மூன்றரை மில்லி, ஒரு முடி கூடாமல் குறையாமல் தவறினால் அது கையில் இல்லை. எங்கோ ஓரிடத்திலிருந்து வந்திருக்கிறது.

கடைசியாக வந்தவள் பெட்டி அக்கா. மின்சார சுவிட்ச் பெட்டிகள் செய்யும் கடையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் அந்தப் பெயர். அவளுடைய தட்டின் விளிம்பில் பிசிறு இல்லை, மடிப்பு மூலைகள் கண்ணாடியில் வெட்டியது போல நேர். தேர்வாளரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டத்தில் வைத்து அழுத்தினார். போகவில்லை.

“இவ்வளவு நல்லா மடிச்சிருக்கீங்க, அளவை விட்டுட்டீங்களேம்மா” என்றார்.

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே கதவோரம் நின்ற டீச்சரைப் பார்த்தாள். “நான் கேட்டேனே டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

என்ன கேட்டாள், எப்போது கேட்டாள் என்று டீச்சருக்கு நினைவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தேர்ச்சி பெற்ற மூன்று பேரும் சத்தம் போடாமல் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் முன்பு லாரி ஓட்டியவர், எல்லோருக்கும் லாரி அண்ணன்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க மூணு பேரும்தான் உங்க வகுப்புக்கு ஒழுங்கா மட்டம் போட்டவங்க. பட்டறை அச்சுத் துண்டு அளவை ஞாபகம் வச்சு வெட்டினோம், அதனாலதான் தப்பிச்சோம்போல.”

“அட, சும்மா இருங்கண்ணே!” என்று பக்கத்தில் நின்றவர் அவர் முதுகில் தட்டினார். ஆனால் அவரும் சிரித்தார்.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் அந்தப் பயிற்சி மையத்தில் எட்டு மாதத்துக்கு முன்புதான் அது சோதனையாகத் தொடங்கியது. அதற்கு முன்பு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மாடியில் தனி அறையில் உட்காரவைத்து எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுத்தார்கள். மாடிக்கு யாரும் ஏறவில்லை. நாள் முழுக்கத் தகடு வெட்டிவிட்டு, நாற்பது வயதில் ஆடு, இலை என்று எழுதிப் பழக யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் மையத்தின் முதல்வர் அம்மா எழுத்தையும் எண்ணையும் பட்டறைக்கே இறக்கிவிட்டார். மெஷினில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைதான் வாசிப்புப் பாடம். வேலைச் சீட்டுதான் எழுத்துப் பாடம். வரைபடத்தில் இருக்கும் அளவுகள்தான் கணக்கு. தொழில் சொல்லித்தரும் பட்டறை சாரும் கணக்கு டீச்சரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் நின்று பாடம் நடத்த வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நல்ல ஏற்பாடு. அதில் டீச்சருக்கு இன்றும் சந்தேகம் இல்லை. முதல் மாதத்திலேயே பெட்டி அக்கா மெஷினில் இருந்த ‘கை’ என்ற எழுத்தைக் கண்டுபிடித்து, “இது கைதானே? கையை வைக்காதேன்னுதானே போட்டிருக்கு? இத்தனை வருஷம் கடை மெஷின்ல இதும்மேலதான் என் துணியைத் தொங்கவிட்டிருக்கேன்!” என்று கத்தினாள். அன்று டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவனிடம் அதை இரண்டு முறை சொன்னாள்.

ஆனால் நடைமுறையில் என்ன ஆனதென்றால், டீச்சர் உள்ளே வந்ததும் பட்டறை சார் கையைத் துடைத்துக்கொண்டு, “உங்க நேரம், நடத்துங்க” என்று டீ குடிக்கப் பின்பக்கம் போய்விடுவார். அவர் நேரம் தொடங்கும்போது டீச்சர் அடுத்த கட்டடத்தில் முடி திருத்தும் வகுப்பில் இதே பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். தாள்களைச் சனிக்கிழமை மொத்தமாக அவர் மேசையில் வைப்பாள். கடைசல் எந்திரத்தின் மேல் வைத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஒரே மேசை, ஒரே நேரம் என்பது காகிதத்தில் இருந்தது.

அன்று மாலை டீச்சர் வீட்டுக்குப் போகாமல் அலமாரியிலிருந்து பழைய தாள் கட்டுகளை இறக்கினாள். நான்காவது தாளில் அது இருந்தது. கேள்வி: பக்கங்கள் 40, 80, 40. வெட்ட வேண்டிய தகட்டின் மொத்த நீளம் என்ன? எட்டுப் பேர் 160 என்று எழுதிச் சரி வாங்கியிருந்தார்கள். பெட்டி அக்கா, கோணல்மாணலான தன் எண்களில், 154 என்று எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் டீச்சரின் கையெழுத்தில், ‘கேள்வியை மறுபடி படியுங்கள்.’

இப்போது நினைவு வந்தது. “மடிப்புக்குக் கழிக்க வேணாமா டீச்சர்? ஒரு மடிப்புக்கு ஒரு நூல் கழிப்போமே?” என்று அக்கா கேட்டாள். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிக்குக் கொஞ்சம் மேல். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “கேள்வியில கழித்தல் எங்கக்கா இருக்கு? மூணு பக்கம், மூணையும் கூட்டுங்க. கடைப் பழக்கத்தைக் கடையிலேயே விட்டுட்டு வாங்க.” அதோடு நிற்கவில்லை. நூற்றறுபது மில்லி நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, எல்லோர் முன்னாலும் மடித்துக் காட்டினாள். நாற்பது, எண்பது, நாற்பது. அச்சாக வந்தது. அக்கா காகிதத்தை வாங்கி அளந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு 154-ஐ அடித்துவிட்டு 160 என்று எழுதினாள்.

மறுநாள் காலை, பட்டறை சார் பூட்டைத் திறக்கும்போதே டீச்சர் வாசலில் நின்றாள்.

“சார், காகிதத்துல சரியா வர்றது தகட்டுல ஏன் வரலை?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எட்டு மாசம் கழிச்சுக் கேக்குறீங்க.”

“இப்பவாவது சொல்லுங்க.”

அவர் நூறு மில்லி நீளத் தகட்டுத் துண்டை எடுத்து, நாற்பதில் கோடு கீறி, மடிப்பு மெஷினில் வைத்தார். கீழே ‘வி’ வடிவப் பள்ளம், மேலே முனை மழுங்கிய நீளக் கத்தி. மிதியை அழுத்தியதும் கத்தி இறங்கித் தகட்டைப் பள்ளத்துக்குள் அமுக்கியது. வெளியே எடுத்தபோது துண்டு செங்கோணமாக நின்றது.

“அளங்க. வெளிப்பக்கமா.”

அளந்தாள். ஒரு பக்கம் நாற்பத்தொன்றே முக்கால். இன்னொரு பக்கம் அறுபத்தொன்றே முக்கால்.

“நூறு வெட்டினேன். நூத்தி மூணரை வந்துருச்சு. எங்கிருந்து வந்துச்சு?”

“இழுபட்டுடுச்சா?”

“அது கொஞ்சம். முக்கியமா அது இல்லை. மூலையைப் பாருங்க.” துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். “ரெண்டு பக்கத்தையும் நீங்க எதுவரைக்கும் அளந்தீங்க? மூலையோட வெளி நுனி வரைக்கும். அப்போ அந்த மூலையில இருக்கிற ரெண்டு மில்லி கனத்தை இந்தப் பக்கத்துலயும் எண்ணிட்டீங்க, அந்தப் பக்கத்துலயும் எண்ணிட்டீங்க. அதுபோக, தகடு நுனி வரைக்கும் போயா திரும்புது? தெருமுனையில அவசரக்காரன் குறுக்கே புகுந்து போறான் பாருங்க, அந்த மாதிரி வளைஞ்சு போயிடுது. நீங்க முனை வரைக்கும் தூரம் போடுறீங்க, அவன் அவ்வளவு தூரம் நடக்கவே இல்லை. அந்த வித்தியாசத்தை வெட்டும்போதே கழிச்சுடணும். இந்தக் கனத்துக்கு மூணரை. ரெண்டு மடிப்புன்னா ஏழு.”

“அப்போ காகிதம்?”

“காகிதத்துக்கும் உண்டு. ஆனா அதுக்குக் கனம் எங்க இருக்கு? முடி அளவு கூட இல்லை. உங்க ஸ்கேல்ல தெரியாது.”

அவ்வளவு அழகான விஷயத்தை அவ்வளவு மோசமான நேரத்தில் தெரிந்துகொண்டோமே என்று டீச்சருக்கு இருந்தது. 160-லிருந்து 7 போனால் 153. அக்கா எழுதியது 154. சட்டத்துக்குள் தாராளமாகப் போயிருக்கும்.

“இதை ஏன் சார் நீங்க அவங்களுக்குச் சொல்லலை?”

“நான் ஏன் சொல்லணும்? என் நேரத்துல அச்சுத் துண்டை வச்சுக் கோடு போட்டுத்தானே வெட்டுறாங்க. அந்தத் துண்டுலயே கழிச்சிருக்கு. அளவு பார்த்து வெட்டுறது உங்க பாடம்னு சொன்னாங்க.”

“தாள்ல உங்க கையெழுத்து இருக்கே.”

அவர் முகம் சுண்டிப்போனது. “நீங்க நீட்டுனீங்க, நான் போட்டேன்” என்று சொல்லிவிட்டு மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதல்வர் அம்மாவின் அறையில் தேர்வு வாரியத்தின் விதிப் புத்தகம் திறந்தே கிடந்தது. பயிற்சி மையத்தின் பாடத்தில் பிழை இருந்ததென்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், ஒரு வாரத்துக்குள் மறுதேர்வு. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, அடுத்த சுற்றில்தான்.

ஆறு மாதம் பெட்டி அக்காவிடம் இல்லை. அவள் வேலை பார்த்த கடை, இறந்துபோன கணவனின் தம்பியுடையது. பெட்டிகளை வாங்கும் கம்பெனி, மடிப்பு மெஷினில் நிற்பவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று புதிதாகக் கேட்டது. கொழுந்தன் மாத முடிவுவரை தவணை கொடுத்திருந்தான். அக்கா சான்றிதழ் கொண்டுவராவிட்டால் மெஷின் ஓரகத்தியின் தம்பிக்கு. அவன் ஏற்கெனவே வேறு எங்கோ படித்துச் சான்றிதழ் வாங்கி, கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அட்டைப்பெட்டி கட்டும் வேலை. “அவன் மடிச்ச பெட்டி மூடவே மூடாது டீச்சர், ஆனா சான்றிதழ் அதையும் மூடும்” என்று அவளே ஒருதரம் சொல்லியிருந்தாள்.

“மறுதேர்வு வாங்கிடலாம்மா” என்றார் முதல்வர் அம்மா. “ஆனா நம்ம தாளே தப்புன்னு எழுதிக்குடுத்தா அடுத்த நாளே இந்த ஏற்பாட்டை நிறுத்திடுவாங்க. மாடிக்கே போங்கன்னுடுவாங்க. உங்க வேலையும் இந்த ஏற்பாட்டோட சேர்ந்ததுதானே? வீட்டுக்காரர் முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் எழுந்திரிக்கலைன்னு சொன்னீங்க. கொஞ்சம் யோசிச்சு எழுதலாம். வாரியத்துல எனக்குத் தெரிஞ்சவங்கதான், ஒரு வார்த்தை முன்னபின்ன இருந்தாலும் ஏத்துக்குவாங்க.”

அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு ஆனது. ‘நான்காம் பயிற்சித் தாளில் போதிய விளக்கம் இல்லாத நிலையில், பயிற்சி பெறுவோர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஏற்பட்ட பிழையைக் கருத்தில் கொண்டு, மறுதேர்வு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே டீச்சர் கையெழுத்து. அதற்கும் கீழே ஒன்பது பேருக்கு ஒன்பது கோடுகள்.

டீச்சர் இரண்டு முறை படித்தாள். மறுதேர்வு கிடைக்கும். வகுப்பும் பிழைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் ஆறு வயது மகளுக்குச் சோறு பிசைந்துகொண்டே கணவனிடமும் அப்படியே சொன்னாள். குப்புறப் படுத்திருந்தவன் தலையணைக்குள்ளிருந்து கேட்டான்: “அவங்க என்னத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க? நீ சொன்னதை அப்படியேதானே செஞ்சாங்க?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம படு” என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது பேரும் பட்டறை மேசையைச் சுற்றி நின்றார்கள். கடிதம் கை மாறியது. எட்டுப் பேர், ‘எங்கே போடணும்?’ என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி அக்கா பேனாவை வாங்கவில்லை. கடிதத்தை வாங்கினாள்.

“படிச்சுட்டுப் போடுறேன்.”

“சாதாரண விண்ணப்பம்தான்கா” என்றாள் டீச்சர்.

“படிக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?”

விரலை வைத்துப் படித்தாள். தகடு வெட்டித் தழும்பேறிய ஆள்காட்டி விரல் எழுத்துக்கு எழுத்து நகர்ந்தது. “ப...யி...ற்சி... பயிற்சி பெ...றுவோர்... அது நாங்கதானே?” மற்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சருக்கு அந்த விரலை நிறுத்த வேண்டும் போலிருந்தது. எட்டு மாதமாக அந்த விரல் வேகமாக நகர வேண்டுமென்று தவித்தவள் அவள்தான். “த...வ...றாக... தவறாகப் பு...ரிந்து...”

விரல் நின்றது. திரும்பிப் போய் அந்த இரண்டு சொற்களையும் இன்னொரு தரம் தடவிப் படித்தது.

“நாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு போட்டிருக்கு.”

“அது ஒரு சம்பிரதாயத்துக்குக்கா. மறுதேர்வு கிடைக்கணும்ல.”

“இதோட நகல் கடைக்குப் போகுமா?”

டீச்சர் அதை யோசிக்கவே இல்லை. வேலையில் இருப்பவர்களுடைய தேர்வுக் கடிதம் எல்லாமே அவர்கள் முதலாளிக்கும் போகும். “போகும்” என்றாள்.

“என் கொழுந்தன் என்ன சொல்வான் தெரியுமா? ‘அண்ணி, பாஸ் பண்ணிட்டீங்க, சந்தோஷம். ஆனா சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிறவங்கன்னு உங்க ஸ்கூலே எழுதியிருக்கே, அவங்களை எப்படி மெஷின்ல நிறுத்துறது?’ அப்படியே சொல்வான். நல்லவன் மாதிரியே சொல்வான்.” கடிதத்தை மேசையில் வைத்தாள். “நான் தப்பாப் புரிஞ்சுக்கலை டீச்சர். சரியாத்தான் எழுதினேன். நீங்க அடிச்சீங்க. நான் கேட்டேன். காகிதத்தை மடிச்சுக் காட்டி என் வாயை அடைச்சீங்க. பதினைஞ்சு வருஷமா என் கைக்குத் தெரிஞ்சதை, படிச்சவங்க சொல்றாங்களேன்னு விட்டேன் பாருங்க, அதுதான் என் தப்பு. அதை வேணா போடுங்க.”

எட்டுப் பேரில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “அப்போ நாங்க போட்ட கையெழுத்து?”

டீச்சர் முன் எத்தனையோ சமாதானங்கள் வரிசையில் வந்து நின்றன. வகுப்பு போய்விடும், மாடிக்கு யாரும் ஏறமாட்டார்கள், அடுத்த சுற்றில் வரும் இன்னொரு பெண்ணுக்கு அந்தக் ‘கை’ என்ற எழுத்தைக் காட்ட ஆள் இருக்காது. எல்லாமே உண்மைதான். ஒன்றையும் அந்த விரலுக்கு எதிரே சொல்ல முடியவில்லை.

வேலைச் சீட்டுக் கட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவினாள். நின்றபடியே எழுதினாள். ‘நான்காம் பயிற்சித் தாளில் மடிப்புக்குக் கழிக்க வேண்டிய அளவு கழிக்கப்படவில்லை. விடை தவறு. தாளை எழுதியவள் நான். சரியாகக் கழித்து எழுதிய ஒருவரின் விடையைத் தவறென்று அடித்தவளும் நான். ஒன்பது பேரும் கற்றுக்கொடுத்தபடியே செய்தார்கள்.’ எழுதியதை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா மறுபடி முதலிலிருந்து, விரலை வைத்து, கடைசிப் புள்ளிவரை படித்தாள். பிறகுதான் பேனாவைக் கேட்டாள். மற்ற எட்டுப் பேரும் அவளுக்குக் கீழே மறுபடி போட்டார்கள்.

பட்டறை சார் மெஷினுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் தாளை அவரிடம் நீட்டினாள். வாசித்தார்.

“எனக்குப் பதினாறு வருஷ சர்வீஸ்மா” என்றார். “இதுல என்னை இழுக்காதீங்க.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீ நேரம் ஆகாதபோதும் பின்பக்கம் போனார்.

முதல்வர் அம்மா திட்டவில்லை. கடிதத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், முத்திரை வைத்தார். “நானும் சேர்ந்து கட்டினதைப் பிரிச்சுட்டீங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுதேர்வு அடுத்த புதன்கிழமை நடந்தது. இந்த முறை அளவுகள் வேறு, மடிப்பு மூன்று. ஒன்பதில் எட்டுத் தட்டு சட்டத்துக்குள் போனது. போகாத ஒன்றைச் செய்தவர் மூன்று மடிப்புக்கு இரண்டு முறைதான் கழித்திருந்தார். அது அவருடைய கை. டீச்சரை உள்ளே விடவில்லை. விவரங்களை லாரி அண்ணன் வந்து சொன்னார். இந்த முறை அவர் கேலி பேசவில்லை.

தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையில் அடுத்த வாரத்து நேர அட்டவணை ஒட்டியிருந்தது. பட்டறைக் கட்டத்தில் ‘கணக்கு’ என்று டீச்சருக்கு எழுதியிருந்த மணி நேரம் கோடு போட்டு அடிக்கப்பட்டு, ‘தொழிற்பயிற்சி தொடரும்’ என்று இருந்தது. பெட்டி அக்கா அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ் வரும்வரை காட்டுவதற்கான தேர்ச்சிச் சீட்டு அவள் கைப்பையிலிருந்து மடியாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

“செவ்வாய்க்கிழமை நீங்க வரமாட்டீங்களா?”

“இல்லக்கா.”

“மெஷின் புத்தகத்துல பாதிதான் முடிச்சிருக்கோம். எண்ணெய் மாத்துற பக்கம் வரைக்கும்.”

“தெரியும்கா.”

அக்கா அட்டவணையை இன்னொரு தரம் பார்த்தாள். கோபம் தீரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மன்னித்ததாகவும் அவள் சொல்லவில்லை.

“அந்தக் கோட்டுக்குக் கீழ என்ன எழுத்து இருந்துச்சுன்னு தெரியலை, அடிச்சுட்டாங்க” என்றாள். “மூணாவது எழுத்து என்ன, க்-ஆ கு-வா?”

“க்” என்றாள் டீச்சர். “முதல்ல க, அப்புறம் ண, அப்புறம் க். கடைசியிலதான் கு வரும்.”

அக்கா அடிக்கப்பட்ட கோட்டின் மேலேயே விரலை வைத்து, அடியில் மங்கலாகத் தெரிந்ததை, ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். டீச்சர் பக்கத்தில் நின்றாள், அடுத்த கட்டடத்தில் அவளுக்காக அந்த வாரத்துக்கு மிச்சமிருந்த முடி திருத்தும் வகுப்பு காத்திருப்பது தெரிந்தும்.